கம்பத்து வயரா, மாடி டப்பாவா?

2025 ஆகஸ்ட் 17 இரவு, ஹைதராபாத் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ரத ஊர்வலத்தின்போது ரதத்தில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டபடி தொங்கிய கேபிள் வழியாக மின்சாரம் இறங்கிவிட்டது என்று மின் விநியோக நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் விநாயகர் சிலையை எடுத்துச் சென்ற வண்டி மின்கம்பியில் பட்டு மேலும் உயிர்கள் போயின. மின்துறையையும் கவனிக்கும் துணை முதல்வர் மல்லு பட்டி விக்ரமார்கா, கம்பங்களில் தொங்கும் கேபிள்களை அகற்றச் சொன்னார். தெலங்கானா தெற்கு மின் விநியோக நிறுவனத்தின் ஊழியர்கள் தெருத்தெருவாகப் போய், கறுப்பு வயர்களைக் கொத்துக் கொத்தாக வெட்டித் தள்ளினார்கள். கேபிள் டிவி வயர் எது, இன்டர்நெட் ஃபைபர் எது என்று பிரித்துப் பார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. நகரின் பல பகுதிகளில் வீட்டு வைஃபை செத்துப்போனது.

ராமந்தாபூர் உப்பலை ஒட்டிய பகுதி. உப்பலில் மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மெட்டுகுடா. செகந்திராபாத்தின் ரயில்வே வாசம் மாறாத பேட்டை அது. ஒரு பக்கம் லாலாகுடா பணிமனை, இன்னொரு பக்கம் தார்நாகா, நடுவில் பழைய மரங்கள் கவிந்த ரயில்வே குடியிருப்புகள், அவற்றைச் சுற்றி நாளுக்கு நாள் உயரும் அடுக்குமாடிகள். தென்னக ரயில்வேயிலிருந்தும் மத்திய ரயில்வேயிலிருந்தும் கோட்டங்களைப் பிரித்து 1966 அக்டோபர் 2-இல் தென் மத்திய ரயில்வே உருவானபோது அதன் தலைமையகம் செகந்திராபாத் ஆனது. இந்த வட்டாரத்தில் தமிழ் வீடுகள் அதற்கு முன்பே உண்டு. கன்டோன்மென்ட் காலத்து முதலியார் குடும்பங்களின் நினைவு பத்மாராவ் நகர் என்ற பெயரிலேயே இருக்கிறது; கந்தகிரி முருகன் கோயிலும் அங்கேதான். இன்று அந்த வீடுகளின் பிள்ளைகள் ஹைடெக் சிட்டியிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பெற்றோருக்கு மாலை நேர வீடியோ கால்தான் அன்றைய நாளின் முக்கிய நிகழ்ச்சி. “நெட் போயிடுச்சு” என்பது அங்கே சின்ன விஷயமே இல்லை.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு இத்தகைய வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. கம்பத்தில் தொங்கும் வயரை நம்பி எத்தனை நாள் இருப்பது? செல்போன் டவரிலிருந்தே வீட்டுக்கு இன்டர்நெட் வருகிறதாமே, அதற்கு மாறிவிட்டால் என்ன?

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேட வேண்டிய இடம் கடைக்காரரின் துண்டுப் பிரசுரம் கிடையாது. தன் வீட்டு மொட்டை மாடியும், தன் தெருக் கம்பமும், இரவு ஒன்பது மணியும்தான் விடை சொல்லும். அவற்றைப் பற்றிய தகவல்களில் பாதி நிறுவனங்களின் கையில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் சாதாரண வாடிக்கையாளரின் உண்மையான பிரச்சினை.

ஹைதராபாத் இந்த விஷயத்தில் பின்தங்கிய ஊர் கிடையாது. உள்ளூரில் தொடங்கி வளர்ந்த பீம் டெலிகாமை பெங்களூரின் ஆக்ட் நிறுவனம் வாங்கியது. அதே ஆக்ட், 2017 மார்ச் இறுதியில் விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் வீட்டு இணைப்பைத் தர முதலில் தேர்ந்தெடுத்த நகரம் ஹைதராபாத். அன்று அதன் மாதக் கட்டணம் 5,999 ரூபாய், அதிவேக டேட்டா 1 டெராபைட். அதன்பின் ஜியோவும் ஏர்டெல்லும் தெருவுக்குத் தெரு ஃபைபர் இழுத்தன. போட்டியால் விலை சரிந்தது, வேகம் ஏறியது. ஆனால் இவ்வளவு நவீனமும் கடைசி நூறு மீட்டரில் மின்கம்பத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. மண்ணைத் தோண்டிக் குழாய் பதிப்பதற்கான செலவு, சாலையை வெட்ட வாங்க வேண்டிய அனுமதி, அதற்கான காத்திருப்பு எல்லாவற்றையும் தவிர்க்க எல்லோரும் கம்பத்தில் ஏறினார்கள்.

எந்தத் தெருவிலும் நிமிர்ந்து பார்த்தால் அது தெரியும். கம்பத்தின் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, யாரோ எப்போதோ விட்டுப்போன கோஆக்சியல் கேபிள் அறுந்து தொங்கும். அதன்மேல் மூன்று நான்கு நிறுவனங்களின் ஃபைபர், பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிய கற்றையாக ஓடும். மிச்ச நீளத்தை வளையமாகச் சுருட்டி மாட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மூடி பாதி திறந்திருக்கும். இவற்றில் எது உயிருள்ளது, எது கைவிடப்பட்டது என்று மாட்டிய ஆளுக்கே தெரியாது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது என்று நிறுவனங்கள் சொல்வது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் எஃகுக் கம்பியிலும், பக்கத்திலேயே கிடக்கும் பழைய செம்பு வயரிலும் பாயும். ஐந்து பேர் இறந்த பிறகு கம்பங்களைச் சுத்தம் செய்யக் கூடாது என்று எவரும் சொல்ல முடியாது.

கேபிள்களை வெட்டுவதை எதிர்த்து ஏர்டெல் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதி பெறாத எந்தக் கேபிளும் மின்கம்பத்தில் இருக்கக் கூடாது என்ற கண்டிப்பான நிலையை நீதிபதி நாகேஷ் பீமபாகா எடுத்தார். சரியான நிலை அது. ஆனால் அனுமதி வாங்கியவர் யார், வாங்காதவர் யார் என்பதைக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் எப்படி அறிவார்? ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் மாதந்தோறும் கொடுக்கிற ஒருவருக்கு, தன் வீட்டு வயர் சட்டப்படி தொங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. மாறலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “எங்கள் தெருவில் உங்கள் கேபிளுக்கு மின் நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா?” எழுத்தில் பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

இனி மாடி டப்பாவைப் பார்ப்போம்.

5ஜி அலைவரிசை ஏலம் 2022 ஆகஸ்டில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு முடிந்தது. அக்டோபர் 1-இல் சேவை தொடங்கியது. அவ்வளவு பணத்தைக் கொட்டிய நிறுவனங்களுக்கு, செல்போனில் வேகமாக வீடியோ பார்ப்பவர்களை மட்டும் வைத்துப் போட்டதை எடுக்க முடியவில்லை. டவர்களில் மிஞ்சிக் கிடந்த திறனை வீடுகளுக்கு விற்பது இயல்பான அடுத்த அடி. ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் எக்ஸ்ட்ரீம் ஏர்ஃபைபரைத் தொடங்கியது. ஜியோ ஏர்ஃபைபர் அதே ஆண்டு செப்டம்பர் 19, விநாயகர் சதுர்த்தி அன்று எட்டு நகரங்களில் வந்தது. சென்னையும் ஹைதராபாத்தும் அந்த எட்டில் இருந்தன. 2025 மத்தியில் நாடு முழுவதும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இந்த வழியில் இணைந்துவிட்டன. பிஎஸ்என்எல்கூட தன் ‘குவாண்டம் 5ஜி’ வீட்டுச் சேவையை முதலில் வெள்ளோட்டம் விட்டது ஹைதராபாத்தில்தான், 2025 ஜூன் 18-இல். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 999 ரூபாய், 300-க்கு 1,499 ரூபாய் என்று விலை அறிவித்தது.

அமைப்பு எளியது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலோ ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வெள்ளைக் கருவியைப் பொருத்துகிறார்கள். டெக்னீஷியன் கையில் செல்போனை வைத்துக்கொண்டு கருவியை இப்படியும் அப்படியும் திருப்புவார். திரையில் சிக்னல் அளவு ஏறும் திசையில் நட்டை முடுக்குவார். அங்கிருந்து ஒரே ஒரு வயர் சுவரோரமாக இறங்கி வீட்டுக்குள் ரூட்டரில் முடியும். கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அந்த வயரிலேயே போகிறது. தெருக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லை. அப்பார்ட்மென்ட் சங்கம் ஒரே நிறுவனத்தைத்தான் உள்ளே விடும் என்று அல்லல்படுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் அந்தக் கருவி எந்த டவரை, எதைத் தாண்டிப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகம் தரும் 5ஜி அலைவரிசை பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடுகிறது. காங்கிரீட் சுவர் அதற்கு ஆகாது. அடர்ந்த மரமும் ஆகாது, மழையில் நனைந்த இலைகள் என்றால் இன்னும் மோசம். மெட்டுகுடாவில் ரயில்வே குடியிருப்பின் மரவரிசைக்குப் பின்னால் இரண்டு மாடி வீட்டில் இருப்பவருக்கும், அதே சாலையில் ஐந்தாவது மாடியில் இருப்பவருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே பிளான் இரண்டு விதமாக வேலை செய்யும். பக்கத்து மனையில் புது அடுக்குமாடி எழும்பினால், இன்று நன்றாக இருக்கும் இணைப்பு அடுத்த ஆண்டு தடுமாறலாம். “எதிர் வீட்டில் சூப்பராக ஓடுகிறது” என்ற சிபாரிசை ஃபைபருக்கு நம்பலாம். இதற்கு நம்பக் கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏர்ஃபைபர் என்ற பெயரில் வருவதெல்லாம் 5ஜி கிடையாது. ஜியோ மாட்டும் இணைப்புகளில் கணிசமான பங்கு 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், உரிமம் தேவைப்படாத பொது அலைவரிசையில் ஓடுகிறது. ஃபைபர் வந்து நிற்கும் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து சுற்றுவட்டார வீடுகளுக்கு ரேடியோ வழியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதிலும் நல்ல வேகம் கிடைக்கும். செல்போன்களோடு டவரைப் பங்கு போட வேண்டியதில்லை என்ற லாபமும் உண்டு. ஆனால் அந்த அலைவரிசையை வீட்டு வைஃபைகளும் பயன்படுத்துகின்றன. நேர்ப்பார்வை மறைந்தால் அது 5ஜியைவிடச் சீக்கிரம் படுத்துவிடும். மாட்ட வரும் ஆளிடம் “இது 5ஜியா, ரேடியோவா?” என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. விளம்பரத்தில் ஒரே பெயரைப் போட்டு இரண்டையும் விற்பது முறையாகப் படவில்லை.

ஃபைபர் பக்கத்திலும் இப்படி ஒரு கேள்வி உண்டு. புதிய முறையில் நிறுவனத்தின் மையத்திலிருந்து வீடு வரை ஒளியாகவே வருகிறது. வழியில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. வீட்டு ரூட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் கரண்ட் போனாலும் நெட் ஓடும். பழைய முறையில் தெருக்கோடியில் ஒரு ஸ்விட்ச் வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் வயர். தெருவில் கரண்ட் போனால் அந்த ஸ்விட்ச் உயிர்விடும். இடி இடித்தால் போர்ட் எரியும். வீட்டுக்குள் நுழையும் வயர் மெல்லிய தட்டையான கறுப்பு இழையா, கணினிக்குப் போடும் உருண்டை வயரா என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். உருண்டை வயர் வீட்டில் இருந்துகொண்டு “ஃபைபரே மோசம்” என்று முடிவு கட்டுகிறவர், ஏர்ஃபைபருக்குப் போகும் முன் நிஜ ஃபைபருக்கு மாறிப் பார்க்கலாம்.

வயரே இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்ற எண்ணமும் முழுச் சரியில்லை. டவருக்கு இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஃபைபரிலிருந்துதான். அந்த ஃபைபர் மண்ணுக்கடியில் போனால் நல்லது. அதுவும் எங்கோ கம்பத்தில் தொங்கினால், வெட்டு விழும்போது டவரும் சேர்ந்து ஊமையாகும். கரண்டும் அப்படித்தான். சென்னைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது வயர்கள் அறுந்து வாரக்கணக்கில் பலருக்கு நெட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியும் டீசலும் தீர்ந்த டவர்கள் ஓய்ந்து, வெள்ளத்தில் சிக்கியவர்கள் உதவி கேட்டு அழைக்கவும் சிக்னல் இல்லாமல் தவித்தார்கள். முதல் புயல் வயரின் பலவீனத்தைக் காட்டியது, இரண்டாவது டவரின் பலவீனத்தை. வீட்டில் ஒரு நிறுவனத்தின் ஃபைபர், கையில் வேறு நிறுவனத்தின் சிம் என்று வைத்திருக்கும் குடும்பம்தான் இரண்டிலும் ஓரளவு தப்பியது.

இதிலிருந்து மெட்டுகுடா வீடுகளுக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. வீட்டு நெட்டையும் செல்போன் இணைப்பையும் ஒரே நிறுவனத்தில் வைத்துக்கொண்டால் பில்லில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கலாம். ஆனால் ஏர்ஃபைபருக்கு மாறிவிட்டு, சிம்மும் அதே நிறுவனத்தில் இருந்தால், ஒரு டவர் விழுந்ததும் வீடும் கைபேசியும் ஒன்றாக விழும். மாறுகிறவர் குடும்பத்தில் ஒருவருடைய சிம்மையாவது வேறு நிறுவனத்தில் வைக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். ஜியோ தொடங்கியபோது அறிவித்த பிளான்கள் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 599, 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 899 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆக 599 என்பது கையிலிருந்து போகும்போது ஏறக்குறைய 707, 899 என்பது 1,061. பொருத்துவதற்கு ஆயிரம் ரூபாய். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் அது தள்ளுபடி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஆயிரத்தை மிச்சம் பிடிக்க, மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்தறியாத ஒரு 899 ரூபாய் இணைப்புக்கு 12,700 ரூபாய்க்கு மேல் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பிடிக்காவிட்டாலும் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்த ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் எடுப்பதே புத்திசாலித்தனம். கூடவே வரும் ஓடிடி செயலிகளையும் டிவி சேனல்களையும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. தமிழ் சேனல்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று செகந்திராபாத் வீடுகள் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. தெலுங்குத் தொகுப்பு நிறைந்திருப்பதால் இது தானாகக் கிடைத்துவிடாது.

அடுத்தது டேட்டா அளவு. “அன்லிமிடெட்” என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். வீட்டு ஃபைபரில் பொதுவாக மாதம் 3.3 டெராபைட், ஏர்ஃபைபரில் 1 டெராபைட். அதைத் தாண்டினால் வேகம் சுருங்கும். ஒரு டெராபைட் குறைவா? சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி அளவில் போகும். தினமும் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதம் 900 ஜிபி. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் தனியாக வாழும் வீடுகளில் இப்போது கேமரா மாட்டுகிறார்கள். அங்கே கணக்கு மாறும். விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் இடைவிடாமல் கிளவுடுக்குப் பதிவேற்றும் ஒரு கேமரா மாதத்துக்கு 324 ஜிபி தின்னும். 2 மெகாபிட் கேமரா இரண்டு இருந்தால் 1,296 ஜிபி. டிவியை யாரும் போடாமலே ஒரு டெராபைட் தீர்ந்துவிடும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி அமைப்பது, அல்லது வீட்டிலேயே மெமரி கார்டில் சேமிப்பது இதற்கு வழி. பழைய டிவிஆர் பெட்டியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். மொபைல் வழி இணைப்பில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் அந்த முறை வேலை செய்யாமல் போகலாம். முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவேற்றம் தனி அத்தியாயம். ஃபைபரில் மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் பெரும்பாலும் சமம். டவர் வழியில் நேரத்தைத் துண்டு போட்டுப் பகிரும்போது பெரும் பங்கைப் பதிவிறக்கத்துக்கே கொடுக்கிறார்கள், ஏனென்றால் பெரும்பாலோர் பார்ப்பவர்கள், அனுப்புகிறவர்கள் குறைவு. வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் போதும் என்பதால் பாட்டி பேரனோடு பேசுவதற்குக் குறை வராது. திருமண வீடியோக்களைப் பதிவேற்றும் ஸ்டுடியோக்காரர், வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும் ஐடி ஊழியர், விநாடியின் பின்னத்தில் தோற்றுப்போகும் விளையாட்டுப் பிள்ளைகள் ஆகியோர் ஃபைபரை விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கூட்டம். ஃபைபரிலும் பங்கீடு உண்டு, ஆனால் அங்கே தெருவுக்கு இன்னொரு இழையை இழுத்துத் திறனைக் கூட்டலாம். டவரின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு அலைவரிசைதான் என்று அளவு இருக்கிறது. அதை அந்தப் பக்கத்து மாடி டப்பாக்களும், சாலையில் போகும் செல்போன்களும், மேலே மெட்ரோவில் நின்றுகொண்டே ரீல்ஸ் பார்க்கும் பயணிகளும் பகிர்கிறார்கள். இணைப்பு கொடுக்க வரும் டெக்னீஷியன் காலை பதினொரு மணிக்கு 120 எம்பிபிஎஸ் என்று திரையைக் காட்டுவார். அது பொய் இல்லை, ஆனால் அதை வைத்துக் கையெழுத்துப் போடவும் முடியாது. இரவு எட்டிலிருந்து பத்தரை வரை என்ன வருகிறது என்பதே அந்த வீட்டின் உண்மையான வேகம். இலங்கையில் வீட்டு 4ஜி ரூட்டர்கள் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கின்றன. அங்கே டேட்டாவைப் பொதுவான அளவு, இரவு அளவு என்று பிரித்து விற்றார்கள். பகலிலும் மாலையிலும் டவர் திணறுவதை மறைக்காமல் பிளானிலேயே எழுதிவைத்த ஏற்பாடு அது. அமெரிக்காவில் 2021 முதல் நாடு முழுவதும் வீட்டு மொபைல் இன்டர்நெட் விற்கும் டி-மொபைல், டவரில் உபரித் திறன் இருக்கும் முகவரிகளுக்கு மட்டுமே இணைப்பு தருகிறது. மற்றவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கிறது. “உங்கள் டவரில் இடமில்லை” என்று ஒரு நிறுவனம் வாடிக்கையாளரிடம் சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை!

இங்கே அந்த மரியாதையைச் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் சேவைத் தர விதிகளைப் புதுப்பித்தது. அக்டோபர் 1 முதல் அவை அமலுக்கு வந்தன. எந்தப் பகுதியில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். வயர் வழி வீட்டு இணைப்பில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். நல்ல விதிகள். ஆனால் வரைபடத்தில் மெட்டுகுடா முழுக்க ஒரே நிறமாக இருந்தால் யாருக்கு லாபம்? டவரின் எந்தப் பக்கத்தில் மாலை நேரத்தில் வீட்டு இணைப்புக்கு எத்தனை எம்பிபிஎஸ் மிஞ்சுகிறது என்பது நிறுவனத்தின் கணினியில் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகிறது. அதை முகவரிவாரியாக வெளியிடச் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2024 ஏப்ரல் முதல் விலை, மறைமுகக் கட்டணம், வழக்கமான வேகம், தாமதம் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதிக் காட்டிய பிறகே இணைப்பை விற்க முடியும்.

இன்னொரு உரிமை இங்கே அறவே இல்லை. செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-இல் நாடு முழுவதும் வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதிலாக வரும் குறியீட்டைப் புது நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். பழைய நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் வந்த பிறகுதான் நிறுவனங்கள் அவரை ஒரு மனிதராகப் பார்த்தன. வீட்டு பிராட்பேண்டில் அந்தப் பயம் இன்னும் வரவில்லை. நிறுத்த வேண்டும் என்று சொன்னால் அழைப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். ரூட்டரை எடுக்க ஆள் வர மாட்டார். ஆள் வந்து எடுத்துப் போனாலும் டெபாசிட் வராது. ஆண்டுச் சந்தாவின் மிச்சத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. பலர் மோசமான இணைப்போடு காலம் தள்ளுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, இந்த அலைச்சல்தான்.

பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல் ஒரு முறை இருக்கிறது. புது நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும். பழைய இணைப்பை நிறுத்துவது, கணக்கை முடிப்பது எல்லாம் இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மாறும்போது நெட் ஒரு வேலை நாளுக்கு மேல் நின்றால் இழப்பீடு. செல்போன் எண் விஷயத்தில் அதைச் சாதித்துக் காட்டிய டிராய், வீட்டு இணைப்புக்கும் செய்ய முடியும். கம்பங்களில் நடந்த சுத்திகரிப்பால் எத்தனையோ வீடுகள் ஒரே சமயத்தில் இணைப்பு இழந்த ஹைதராபாத்தில் அந்தக் கோரிக்கை எழுவதுதான் பொருத்தம்.

அதுவரை மெட்டுகுடாவில் ஒரு வீடு என்ன செய்யலாம்? அந்த ஆகஸ்டில் ஒரு தடவை வயர் வெட்டுப்பட்டதும், அதை இரண்டு மூன்று நாளில் சரிசெய்து கொடுத்த ஃபைபர் நிறுவனத்தை விட்டு ஓடுவது அவசரம். வெட்டிய வயரைத் திரும்பவும் அதே கம்பத்தில் அதே அழுக்குக் கற்றையோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனவர்களை நம்பி இருப்பது அசட்டுத்தனம். கற்றையைப் பிரித்து, உயரத்தைச் சரிசெய்து, தன் நிறுவனப் பெயரோடு அடையாளத் துண்டு மாட்டியிருக்கிறார்களா என்பதைத் தெருவில் நின்று யாரும் பார்க்கலாம். மாடியிலிருந்து டவர் தடையில்லாமல் தெரிகிறது, குடும்பத்தின் தேவை டிவியும் வீடியோ காலும்தான், வாடகை வீடு, இரண்டு ஆண்டில் காலி செய்யக்கூடும் என்றால் ஏர்ஃபைபர் நல்ல தேர்வு. வீடு மாறும்போது புது முகவரியில் அதே இணைப்பு கிடைக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே டவர் வேறு.

மாறுவதென்று தீர்மானித்தால் பழையதை உடனே நிறுத்தக் கூடாது. ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். கூடுதல் செலவு எழுநூறோ ஆயிரமோ ஆகும். அது வீண் செலவு இல்லை. அந்த மாதத்தில் ஒரு நல்ல மழையும், ஒரு மின்வெட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டமும் வந்துபோனால் இன்னும் நல்லது. இரவு ஒன்பது மணிக்கு ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதித்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உள்ளறையில் சோதித்தால் வீட்டு வைஃபையின் குறையும் சேர்ந்துவிடும். பல வீடுகளில் நிறுவனத்தைத் திட்டுவதற்குக் காரணம், ஷோகேஸுக்குள் டிவியின் பின்னால் ஒளித்துவைத்த ரூட்டர். பழைய இணைப்பை முடிக்கும்போது கோரிக்கை எண்ணையும், கருவியைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதையும், அந்தக் கருவியின் சீரியல் எண்ணைக் காட்டும் ஒரு போட்டோவையும் பத்திரப்படுத்த வேண்டும். டெபாசிட் பற்றித் தகராறு வந்தால், முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அடுத்து அதன் மேல்முறையீட்டு அதிகாரி என்று போகும்போது அந்த மூன்றையும்தான் கேட்பார்கள்.